நான் அனுப்பிய வீடியோ

கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் முடித்துவிட்டு வாருங்கள், இது எங்கும் போய்விடாது.

காலை நடையில் என்னோடு வரும் ஓய்வுபெற்ற வங்கி நண்பர் நேற்று ஒரு கேள்வி கேட்டார். "2020-ல அமெரிக்க எலெக்ஷன் நடந்தப்ப தினம் ஒரு பதிவு போட்டீங்களே சார். அப்புறம் ஏன் அந்தப் பக்கமே போகல? 2024-ல ஒரு வரி கூட எழுதலியே?" கண் வலி, மருந்து என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, இதை எத்தனை வருஷம்தான் சமாளிப்பது என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

2020 கொரோனா வருஷம். வீட்டை விட்டு வெளியே போக முடியாது. பேப்பர்காரரும் சில மாதம் வரவில்லை. கையில் இருந்தது போன் மட்டும்தான். அமெரிக்கத் தேர்தலை நான் கிரிக்கெட் மேட்ச் மாதிரி பார்த்தேன். 538 பேர் கொண்ட தேர்வாளர் குழு, அதில் 270 கிடைத்தால் வெற்றி, நாடு முழுவதும் அதிக ஓட்டு வாங்கியவர் தோற்கவும் கூடும், 2000-லும் 2016-லும் அப்படித்தான் ஆனது என்றெல்லாம் இங்கே விளக்கி எழுதினேன். கணக்கு வாத்தியார் இல்லையா, எண் என்றால் விடமாட்டேன். நிறையப் பேர் பாராட்டினீர்கள். அந்தப் பாராட்டு தலைக்கு ஏறியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அந்தத் தேர்தல் மேல் தனி ஆர்வம் வரக் காரணம் உண்டு. நம் ஊரில் தேர்தல் என்றால் வாத்தியார்கள்தான். வாக்குச்சாவடி அலுவலராக ஆரம்பித்து தலைமை அலுவலர் வரை எத்தனையோ தேர்தலில் வேலை பார்த்திருக்கிறேன். அரக்கு உருக்கி விரலைச் சுட்டுக்கொண்டதும், மெழுகுவத்தி வெளிச்சத்தில் வாக்குச்சீட்டுக் கணக்கு எழுதியதும், பெட்டி எடுக்க வரும் லாரிக்காக நடு இரவு வரை பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்திருந்ததும் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்தக் கண்ணோடு அமெரிக்காவைப் பார்த்தால் எல்லாமே விநோதமாக இருந்தது. நம் தேர்தல் ஆணையம் போல நாடு முழுவதற்கும் தேர்தல் நடத்துகிற அமைப்பு அங்கே கிடையாது. மாநிலத்துக்கு ஒரு சட்டம், 3,000-க்கு மேற்பட்ட கவுன்ட்டிகள், ஒவ்வொன்றும் தன் தேர்தலைத் தானே நடத்திக்கொள்கிறது. ஜெயித்தது யார் என்று அன்றிரவு ஊருக்குச் சொல்வது அரசாங்கம் இல்லை. டிவி சேனல்களும் அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனமும். அந்த நிறுவனம் 1848-லிருந்து இந்த வேலையைச் செய்கிறது. மாநிலங்கள் முறைப்படி சான்று கொடுப்பது வாரங்கள் கழித்து. மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிறவர் "தாலி கட்டியாச்சு" என்று அறிவித்துவிட, ஐயர் அப்புறம் வந்து மந்திரம் சொல்வது மாதிரி இருக்கிறதே என்று அப்போது கிண்டலாக எழுதியிருந்தேன். சிலருக்கு ஞாபகம் இருக்கலாம்.

இன்னொன்றும் எழுதினேன். பென்சில்வேனியாவில் முதல் நாள் இரவு ட்ரம்ப் முன்னணியில் இருந்து, பிறகு பைடன் முந்தினார் அல்லவா? அதில் மர்மம் ஒன்றும் இல்லை. தபால் ஓட்டுகளைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்னால் பிரிக்கவே கூடாது என்பது அந்த மாநிலச் சட்டம். தபாலில் போட்டவர்களில் பைடன் பக்கத்து ஆட்கள் அதிகம். அது கடைசியில் எண்ணப்பட்டதால் கடைசியில் அவர் ஏறினார். இதைப் பொறுமையாக விளக்கி எழுதிய அதே ஆள்தான் ஒரு மாதம் கழித்து அந்தக் காரியத்தைச் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் வழியில்லை.

டிசம்பர் முதல் வாரம். வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. ஒன்றரை நிமிஷம் இருக்கும். ஜார்ஜியா மாநிலம், அட்லாண்டா நகரம். ஒரு பெரிய கூடத்தின் கண்காணிப்பு கேமரா காட்சி. இரவு நேரம். ஆட்கள் கிளம்பிப் போகிறார்கள். நாலைந்து பேர் மட்டும் இருக்கிறார்கள். கறுப்புத் துணி போர்த்திய மேஜைக்கு அடியிலிருந்து பெட்டிகளை இழுத்து எடுக்கிறார்கள். உள்ளே வாக்குச்சீட்டுகள். அதை மெஷினில் திரும்பத் திரும்பச் செலுத்துகிறார்கள். பின்னணியில் ஒரு குரல், எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு சூட்கேஸில் ஒளித்த கள்ள ஓட்டை எண்ணுகிறார்கள் பாருங்கள் என்று சொல்கிறது. நம்மவர் யாரோ கீழே தமிழில் ஒரு பத்தி எழுதியும் வைத்திருந்தார்.

வீடியோவின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தது. பல கை மாறி வந்தது, கவனம் என்பதற்காக வாட்ஸ்அப் போடுகிற அடையாளம் அது. நான் அதை எப்படி எடுத்துக்கொண்டேன் தெரியுமா? "இத்தனை பேர் அனுப்பியிருக்கிறார்கள் என்றால் விஷயம் உண்மைதான்" என்று. அதை எனக்கு எதிரான எச்சரிக்கையாக நினைக்கவே தோன்றவில்லை. அப்படி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்று அந்த வருஷம் கட்டுப்பாடும் கொண்டுவந்திருந்தார்கள். நான் பொறுமைசாலி. ஒவ்வொன்றாக நான்கு குழுக்களுக்கு அனுப்பினேன். உறவினர் குழு, ஓய்வுபெற்ற ஆசிரியர் குழு, தெருக் குழு, முன்னாள் மாணவர் குழு. கூடவே என் சொந்தச் சரக்காக ஒரு வரி: "நமக்கு ஜனநாயகப் பாடம் எடுப்பவர்களின் யோக்கியதை இதுதான்!" ஆச்சரியக்குறி இரண்டோ மூன்றோ.

ட்ரம்ப் எனக்குப் பிடித்தவர் அல்ல. அவர் ஜெயிக்க வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. பிறகு ஏன் அனுப்பினேன்? சந்தோஷத்தில்தான். இத்தனை வருஷம் நம் ஊர்த் தேர்தலைப் பற்றி வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதியதைப் படித்துப் படித்து உள்ளே ஒரு கடுப்பு சேர்ந்திருந்தது. "பார்த்தாயா, நீயும் அப்படித்தான்" என்று சொல்ல ஒரு படம் கிடைத்தது. அவ்வளவுதான் காரணம்.

மறுநாள் இரவு ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு. அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் இருக்கும் என் பழைய மாணவி. பெயர் வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை என்னிடம் கணக்குப் படித்த பெண். அங்கே போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, குடியுரிமை வாங்கிவிட்டாள். நலம் எல்லாம் விசாரித்தாள். அப்புறம் மெதுவாக, "சார், அந்த வீடியோ எங்க ஊரு சார்" என்றாள்.

"ஆமாம்மா, பாத்தேன். அநியாயமா இருக்கே."

"சார், இந்த எலெக்ஷன்ல நானும் பூத்துல வேலை பாத்தேன். வழக்கமா வயசானவங்கதான் அதுக்கு வருவாங்க. இந்தத் தடவை கொரோனா பயத்துல நெறைய பேரு வரல. ஆள் வேணும்னு கேட்டாங்க, போனேன். அந்த வீடியோ எடுத்த எடம் இல்ல, எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு சின்ன பூத். காலைல அஞ்சரைக்குப் போய் ராத்திரி ஒம்பது மணிக்கு வந்தேன். நீங்க எலெக்ஷன் டூட்டி முடிச்சிட்டு அப்படியே கசங்கின சட்டையோட மறுநாள் வகுப்புக்கு வருவீங்களே சார், அதைத்தான் நெனச்சிக்கிட்டேன்."

நான் ஒன்றும் பேசவில்லை. அவளே கேட்டாள். "முழு வீடியோ பாத்தீங்களா சார்?"

பார்க்கவில்லை என்றேன்.

"விடை மட்டும் எழுதினா மார்க் கெடையாது, வழி எங்கேன்னு கேப்பீங்களே சார்."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் உட்கார்ந்து வழியைத் தேடினேன். ஜார்ஜியா மாநிலத் தேர்தல் அலுவலகத்து ஆட்கள் முழு நேரக் காட்சியையும் பார்த்து விளக்கம் கொடுத்திருந்தார்கள். அந்த இடம் ஸ்டேட் ஃபார்ம் அரீனா, ஒரு கூடைப்பந்து அரங்கம். ஃபுல்டன் கவுன்ட்டியின் தபால் ஓட்டுகள் அங்கே எண்ணப்பட்டன. இரவு பத்து மணி சுமாருக்கு, இன்றைக்குப் போதும் என்று ஊழியர்கள் சீட்டுகளை வழக்கமான பெட்டிகளில் அடுக்கி மேஜைக்கு அடியில் வைத்தார்கள். பத்திரிகைக்காரர்களும் கட்சிப் பார்வையாளர்களும் அங்கே இருக்கும்போதே வைத்தார்கள். வேலை முடிந்ததென்று எல்லாரும் கிளம்பிய சமயத்தில், ஏன் அதற்குள் நிறுத்துகிறீர்கள் என்று மேலிடத்திலிருந்து கேள்வி வர, இருந்தவர்கள் அதே பெட்டிகளைத் திரும்ப எடுத்து வேலையைத் தொடர்ந்தார்கள். மெஷினில் திரும்பச் செலுத்தியது ஏன் என்றால், சீட்டு சிக்கிக்கொண்டால் அந்தக் கட்டை முழுவதுமாக ரத்து செய்துவிட்டு மறுபடி செலுத்த வேண்டும். நம் ஜெராக்ஸ் கடையில் தாள் சிக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மாநிலத்தில் சுமார் 50 லட்சம் ஓட்டுகளையும் கையால் ஒரு தடவை எண்ணிப் பார்த்தார்கள், பிறகு மெஷினில் இன்னொரு தடவை. மூன்று எண்ணிக்கையிலும் முடிவு மாறவில்லை. கடைசி வித்தியாசம் 11,779. ஒரே சீட்டை மூன்று தடவை எண்ணியிருந்தால் கையால் எண்ணும்போது இடித்திருக்குமே! இந்த ஒரு கேள்வியை நான் எட்டாம் வகுப்புப் பையனிடம் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பான்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த மாநிலத் தேர்தல் பொறுப்பாளர் பிராட் ரஃபென்ஸ்பெர்கர் ட்ரம்ப்பின் கட்சிக்காரர். அவருக்கே ஓட்டுப் போட்டவர். அவருக்குக் கீழே இருந்து விளக்கம் சொன்ன கேப்ரியல் ஸ்டெர்லிங்கும் அதே கட்சி. 2021 ஜனவரி 2-ஆம் தேதி ட்ரம்ப் போன் செய்து 11,780 ஓட்டுகளைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்கிற மாதிரி கேட்டபோதும் ரஃபென்ஸ்பெர்கர் உங்கள் கணக்கு தவறு என்றுதான் சொன்னார். தேர்தல் நடத்துகிறவரே கட்சிக்காரராக இருப்பது எனக்கு இன்றைக்கும் ஒப்புதல் இல்லாத ஏற்பாடு. ஆனாலும் அந்த மனிதர் வழி எழுதாமல் விடை போட மறுத்தார். என்னைவிட அவர் நல்ல கணக்கு வாத்தியார்.

வீடியோவில் இருந்த இரண்டு பெண்களைப் பற்றி எனக்கு முழுதாகத் தெரிய வந்தது பிறகுதான். ரூபி ஃப்ரீமேன், அவர் மகள் ஷே மோஸ். மகள் கவுன்ட்டி தேர்தல் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அம்மா அந்தத் தேர்தலுக்கு மட்டும் தற்காலிக வேலைக்கு வந்தவர். ட்ரம்ப்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி, ஒரு காலத்தில் நியூயார்க் மேயராக இருந்தவர், அந்தக் காட்சியைக் காட்டி, தாயும் மகளும் யூ.எஸ்.பி.யைக் கைமாற்றுகிறார்கள், போதைப்பொருளைக் கைமாற்றுவது மாதிரி இருக்கிறது என்று பேசினார். மேலே சொன்ன அந்த ஒரு மணி நேர போன் பேச்சில் ஃப்ரீமேனின் பெயர் 18 தடவை வந்தது. நாட்டின் அதிபர் வாயிலிருந்து, ஒரு தற்காலிக ஊழியரின் பெயர், 18 தடவை.

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். பாட்டி வீட்டுக்குள்ளேயே நுழையப் பார்த்தார்கள். மத்தியப் புலனாய்வுத் துறை சொன்னதன் பேரில் ஃப்ரீமேன் வீட்டை விட்டு மாதக்கணக்கில் வெளியே தங்கினார். மோஸின் மகனுக்கு அப்போது 14 வயது. அம்மாவின் பழைய போனைத்தான் அவன் ஆன்லைன் வகுப்புக்கு வைத்திருந்தான். அந்த எண்ணைத் தேடிப் பிடித்தவர்களின் வசவும் மிரட்டலும் அவன் காதுக்கு வந்தது. அந்த வருஷம் அவன் படிப்பு போனது. நம் பிள்ளைகளும் அதே வருஷம் அதே மாதிரி ஒரு போனை வைத்துக்கொண்டு வகுப்பைக் கவனித்தார்கள் அல்லவா? அதனால் இந்தச் செய்தியை என்னால் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போக முடியவில்லை. அந்தப் பையனுக்குப் போன் செய்தவர்களில் நான் இல்லை. ஆனால் அந்த ஊர்வலத்தில் எங்கோ கடைசி வரிசையில் நானும் கொடி பிடித்துப் போயிருக்கிறேன்.

2022 ஜூன் 21-ஆம் தேதி அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் ஷே மோஸ் சாட்சி சொன்னார். உங்கள் அம்மா உங்களிடம் கொடுத்தது என்ன என்று கேட்டார்கள். இஞ்சி மிட்டாய் என்றார்.

அதைப் பார்த்தபோது எனக்கு 1996 ஞாபகம் வந்தது. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஒரே நாளில் ஓட்டு. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான் தலைமை அலுவலர். ஓட்டுப்பதிவு முடிந்து, பெட்டிகளுக்கு அரக்கு வைத்து, ராத்திரி ஒன்பது மணிக்கு என் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு கை கால் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். ஒரு கட்சியின் ஏஜென்ட் பையன் ஓடிவந்து, "வாத்தியாரு பையில ஓட்டுச்சீட்டு எடுத்துட்டுப் போறாரு" என்று கத்திவிட்டான். ஐந்து நிமிஷத்தில் முப்பது நாற்பது பேர். ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். காவலுக்கு வந்த போலீஸ்காரர் நல்ல மனிதர். "சார், பையக் கொட்டிருங்க" என்றார். கொட்டினேன். ஒரு லுங்கி, துண்டு, பல்பொடிப் பொட்டலம், என் மனைவி கட்டிக்கொடுத்த புளிசாதத்தில் மிச்சம். கூட்டத்தில் ஒரு பெரியவர், "புளிசாதத்துக்கா இந்தக் கூத்து" என்று சொல்ல எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தப் பையனே பிறகு டீ வாங்கி வந்து கொடுத்தான். பத்து நிமிஷத்தில் முடிந்தது. மறுநாள் பக்கத்து ஊருக்குக் கூட அந்தச் செய்தி போகவில்லை.

அவன் கையில் அன்றைக்குக் கேமரா வைத்த போன் இருந்திருந்தால்? நான் பையோடு இருட்டில் நடப்பது மட்டும் படத்தில் இருக்கும். கொட்டிக் காட்டியது இருக்காது. படம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, அட்லாண்டா படமும் பொய் இல்லை. ஆரம்பப் பள்ளியில் 'படம் பார்த்துக் கதை எழுதுக' என்று கேள்வி வரும். ஒரே படத்துக்கு நாற்பது பிள்ளைகள் நாற்பது கதை எழுதுவார்கள், நாமும் மார்க் போடுவோம். அங்கே கதை எழுதியவர் ஒருவர். அதைக் கோடிக்கணக்கானவர்கள் காப்பி அடித்தோம்.

பத்திரிகைகளும் தவறு செய்யும். 1948-ல் ட்ரூமன் ஜெயித்த தேர்தலில், டூயி ஜெயித்துவிட்டார் என்று சிகாகோ ட்ரிப்யூன் கொட்டை எழுத்தில் அச்சடித்து விற்றது. ட்ரூமன் அந்தப் பேப்பரைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் படம் இன்றைக்கும் கிடைக்கிறது. தவறு செய்தது யார், எந்தப் பக்கம், எந்தத் தேதி எல்லாம் அந்தப் படத்தில் தெரியும். இப்போது டிவி விஷயமே வேறு. ஓட்டு மெஷின் தயாரித்துவந்த டொமினியன் நிறுவனத்தைப் பற்றி ஃபாக்ஸ் நியூஸில் மோசடிக் கதைகள் ஓடின. அந்தக் கதைகளை அங்கே இருந்த பிரபலங்களே தங்களுக்குள் நம்பவில்லை என்பது வழக்கில் வந்த செய்திப் பரிமாற்றங்களில் அம்பலமானது. 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார்கள். தெரியாமல் சொன்னால் தவறு. தெரிந்தே, பார்க்கிறவர்கள் அடுத்த சேனலுக்குப் போய்விடுவார்களே என்று சொல்வதற்கு என்ன பெயர் வைப்பது? எனக்குத் தெரிந்த வார்த்தைகள் இந்தப் பக்கத்தில் எழுதக்கூடியவை அல்ல.

ஜூலியானி மேல் அந்தத் தாயும் மகளும் போட்ட வழக்கில், 2023 டிசம்பரில் நடுவர் குழு 14.8 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. சில நாட்களில் அவர் திவால் மனு போட்டார்.

எனக்கு யாரும் அபராதம் போடவில்லை. மாணவி பேசிய மறுநாள் நானே நான்கு குழுக்களிலும் ஒரு திருத்தம் எழுதினேன். "நேற்று முன்தினம் நான் அனுப்பிய அட்லாண்டா வீடியோ தவறான விளக்கத்துடன் வந்தது. சரிபார்க்காமல் அனுப்பியது என் பிழை. மன்னிக்கவும்." வீடியோவுக்கு உறவினர் குழுவில் மட்டும் பதினேழு கைதட்டல் வந்திருந்தது. திருத்தத்துக்கு ஒருவர் கட்டைவிரல் காட்டினார். ஆசிரியர் குழுவில் ஒருவர் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் அனுப்பினார். தெருக் குழுவில் ஒருவர், "நீங்க சொன்னா சரிதான் சார், ஆனா நெருப்பில்லாம புகையுமா?" என்று கேட்டார். நான் அனுப்பிய வீடியோவை அங்கிருந்து யார் யார் எங்கெங்கே அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. அன்றோடு அமெரிக்காவைப் பற்றி எழுதுவதை நிறுத்தினேன். இதுதான் வங்கி நண்பருக்கு நான் சொல்லாமல் விட்ட பதில்.

2024 தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் அந்த மாணவியோடு பேசினேன். இந்தத் தடவையும் பூத்துக்குப் போகிறாயா என்று கேட்டேன்.

"போறேன் சார். பழகிருச்சு. வீட்டுலதான் வேண்டாங்கறாங்க."

"பாத்து இரும்மா. பதினஞ்சு மணி நேரம் உக்காரணுமே, வாய்க்கு ஏதாவது எடுத்துட்டுப் போ."

"தண்ணி பாட்டில் மட்டும் சார்" என்றாள். "மிட்டாய் எடுத்துட்டுப் போறதில்ல."